திரும்பி நின்ற நாரை

பிப்ரவரி 6

அன்புள்ள சின்னவளுக்கு,

இது நானே எழுதுவது. உன் அத்தான். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. இந்த மூன்று வரிக்கே காலையிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை ஆகிவிட்டது. ஆனாலும் பார், வரி நேராக நிற்கிறது.

முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்கிறேன். உன் அக்கா இறந்துவிட்டாள். போன மாதத்தோடு இரண்டு வருடம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தாள். நான்காம் நாள் இல்லை. உனக்குச் சொல்லியனுப்ப எனக்கு விலாசம் தெரியாது. நீ வீடு மாறிவிட்டாய், புது விலாசம் தரவில்லை என்று அவள் எப்போதோ சொல்லியிருந்தாள். இந்தச் செய்தியை எழுத ஐந்து தாள் கிழித்தேன். எழுத்து வராமல் இல்லை. எழுதும்போது மறுபடி ஒருமுறை நடப்பதுபோல் இருந்தது.

வீட்டில் இப்போது சத்தம் என்றால் ரேடியோ, அப்புறம் நான் தும்முவது. அதனால்தான் எழுத்துப் படிக்கப் போனேன். நூலகத்தின் மாடியில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. டீச்சர் முன்பு பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவர். இன்னும் அதே தோரணைதான். ஒருவர் வாசித்து முடிப்பதற்குள் "அடுத்தது, அடுத்தது" என்பார். ஐந்து பேர் படிக்கிறோம். எனக்கு எழுபத்திரண்டு, நான்தான் மூத்தவன். முன்வரிசையில் உட்காருவதால் மற்றவர்கள் என்னைப் பாப்பா என்று கூப்பிடுகிறார்கள். பதினோரு மாதம் ஆகிறது.

வங்கிக் கதவில் "இழு" என்று எழுதியிருக்கிறது சின்னவளே! முப்பது வருடமாக அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். காவலாளி ஓடிவந்து திறந்துவிடுவார். எனக்கு மரியாதை கொடுக்கிறார் என்றல்லவா நினைத்தேன்!

உன் அப்பாவின் பட்டறையில் நாம் செய்த பறவைப் படங்கள் உனக்கு மறந்திருக்காது. இருநூறு வருடத்துப் பழைய செப்புத் தகடுகள். தேய்ந்த கோடுகளை நீ உளியால் மறுபடி ஆழப்படுத்துவாய். மாமா அச்சிடுவார். நான் ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் போடுவேன். படத்துக்குக் கீழே பொடியாக எழுத்து இருக்குமே, அதை நான் புல்லைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்துவந்தேன். இப்போது அந்தப் புல்லெல்லாம் பேசுகிறது. சாம்பல் கிழவன் என்று நான் பேர்வைத்து நானூறு தரம் வண்ணம் போட்ட பறவைக்குப் பெயர் வெறும் புறா. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இடது மூலையில் வரைந்தவர் பெயர். வலது மூலையில் செதுக்கியவர் பெயர். வண்ணம் போட்டவன் பெயர் எங்கேயும் இல்லை. பூதக்கண்ணாடி வைத்தும் தேடினேன். சிரிப்பு வந்தது. செதுக்கியவர் எல்லாப் படத்துக்கும் ஒரே ஆள். பெரியவர், பெரியவர் என்பாயே, அவர்தான். "பெரியவருக்கு இன்னைக்குக் கை வலிச்சிருக்கு, இந்தக் கோட்டைப் பாருங்க அத்தான்" என்பாய், ஏதோ அடுத்த தெருவில் இருப்பவரைச் சொல்வதுபோல.

இனி எழுதுவதை யோசித்து எழுதுகிறேன். அலமாரியின் அடித்தட்டில், பழைய போர்வைக்குள், நீ எனக்கு எழுதிய ஏழு கடிதங்கள் இருந்தன. உன் அக்கா எனக்கு வாசித்துக் காட்டிய அதே கடிதங்கள். உறையின் பின்பக்கத்தில் இருந்த பெயர்ப்பலகைக் கடை விலாசத்துக்குத்தான் இதை அனுப்புகிறேன். இரண்டைப் படித்துவிட்டேன். ஒன்றுக்கு மூன்று நாள் ஆகிறது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ பூனை வளர்த்தாயா?

இப்படிக்கு,
உன் அத்தான்

●

பிப்ரவரி 15

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. இதே கடையில்தான் இன்னும் இருக்கிறேன். ஒரு பல் டாக்டரின் பித்தளைப் பலகையில் பாதிப் பெயர் வெட்டியிருந்தபோது முதலாளி கொண்டுவந்து கொடுத்தார். நின்றபடியே படித்தேன். அக்கா போன செய்தியைப் படித்தபின் மீதிப் பெயரை வெட்டி முடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்பா இறந்ததைப் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அக்காவுக்கு அதுவும் இல்லை.

நான் பூனை வளர்க்கவில்லை. கிளியும் வளர்க்கவில்லை. வீடும் மாறவில்லை.

உங்களுக்கு எழுத்து வராது, அக்காதான் வாசிப்பாள் என்று தெரிந்துதான் எழுதினேன். மூன்று வருடத்தில் ஏழு கடிதம். ஏழிலும் ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறேன். அதற்கு அக்கா கையெழுத்தில் ஒரே ஒரு பதில் வந்தது. "அவருக்கு ஞாபகம் இல்லையாம்." அவ்வளவுதான். எட்டாவது கடிதத்துக்குத் தாள் எடுத்து வைத்துவிட்டு எழுதவில்லை.

ஏழையும் படித்து முடித்துவிட்டு எழுதுங்கள். வங்கிக் கதவைப் பற்றியெல்லாம் உங்கள் டீச்சரிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.

●

மார்ச் 2

சின்னவளுக்கு,

ஏழாவதைப் போன வாரம் முடித்தேன். கேள்வியை இங்கே எழுதுகிறேன், நான் சரியாகப் படித்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். "அத்தான், அந்த நகல்தாளில் சிவப்புக் குறி போட்டது எண்ணெய் தடவுவதற்கு முன்பா, பின்பா?"

இதை நான் ஒருமுறைகூடக் காதால் கேட்டதில்லை. உன் கடிதம் வந்தால் உன் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இருபது நிமிடம் வாசிப்பாள். உன் அறையில் பச்சைத் திரை போட்டிருக்கிறாய். கீழ்வீட்டு அம்மா உன்னிடம் வெந்நீர் கேட்டு வருகிறாள். ஒற்றைக் காது மடங்கிய பூனை ஒன்று உன் உளிப்பெட்டியில்தான் தூங்குகிறது. மூன்றாம் கடிதத்தில் அது குட்டி போட்டது. நான் சிரித்துச் சிரித்துக் கேட்பேன். "பூனையைப் பத்திரமா பாத்துக்கச் சொல்லு" என்று பதில் சொல்வேன். அவள் பேனா தாளில் ஓடும். என்ன எழுதினாளோ, அதை அனுப்பினாளோ இல்லையோ. இப்போது உன் கடிதங்களில் இருப்பதைப் படித்தால் உன் அறைக்கு ஜன்னலே இல்லை.

பதில்: பின்பு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், பொறுத்துக்கொள்.

நாற்பத்தெட்டுத் தகடுகளில் முப்பத்தொன்றாம் தகடு, நாரை, மாமா வாங்கும்போதே தொலைந்திருந்தது. பழைய புத்தகம் முழுதாக வக்கீல் ஒருவரிடம்தான் இருந்தது. அவர் நாரைத் தாளை ஒரே ஒரு பகல் கடன் கொடுத்தார். அதைப் பார்த்து நீ புதுத்தகடு வெட்ட வேண்டும். அன்றைக்கென்று உனக்குக் காய்ச்சல். "நீ நகலெடுத்துடு மாப்பிள்ளை, உனக்குக் கை நிதானம்" என்று மாமா என்னிடம் கொடுத்தார். ஜன்னல் கண்ணாடியில் படத்தை ஒட்டி, மேலே மெல்லிய தாள் வைத்து, இறகு இறகாக மையில் எடுத்தேன். சாயங்காலம் ஆகிவிட்டது.

கீழே எழுத்து இருந்தது. மாமா அதையும் எடுக்கச் சொல்லியிருந்தார். எனக்கு எழுத்தைக் கண்டாலே கை வியர்க்கும். பறவை என்றால் எந்தக் கோடு எங்கே போகும் என்று தெரியும். எழுத்து எங்கே திரும்பும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கோணலாக வந்தால் மாமா கண்டுபிடித்துவிடுவார். எனக்குக் கொஞ்சம் படிக்கத் தெரியும் என்றுதான் கல்யாணத்தின்போது அவரிடம் சொல்லியிருந்தது. எழுத்தை விட்டுவிட்டேன். கேட்டதற்கு "நேரமில்ல மாமா" என்றேன். வக்கீல் வீட்டு ஆள் வந்து படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் தாள் கெடாமல் இருக்க எண்ணெய் தடவிக் கயிற்றில் காயப்போட்டேன். எண்ணெய் பட்டதும் மை இரண்டு பக்கமும் ஒரேமாதிரி தெரிந்தது. காற்றில் அது சுழன்றுகொண்டிருந்தது. மறுநாள் எடுத்து, இதுதான் முகம், நான் வரைந்த பக்கம் என்று ஒரு பக்கத்தில் சிவப்புக் குறி போட்டேன். தெரிந்து போடவில்லை. இதுவாகத்தான் இருக்கும் என்று போட்டேன். எழுத்து இருந்திருந்தால் எந்தப் பக்கம் முகம் என்று பார்த்தவுடன் தெரிந்திருக்கும்.

அந்தத் தாளை நம்பி நீ பதினான்கு மாதம் வெட்டினாய். முதல் அச்சை மாமா வக்கீல் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழையதன் பக்கத்தில் வைத்தபோது, நாரை இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. மாமா திரும்பி வந்து உன்னைத் திட்டினார். நான் அடுத்த மேசையில் இருந்தேன்.

எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்கவில்லை என்றும் சொல்லிக்கொள்ளலாம். இரண்டையும் இருபத்தொன்பது வருடம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கயிற்றில் தாள் சுழன்றது எனக்கு அப்போதே ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தால் எழுத்துக் கதையும் வெளியே வரும். மாமா என்னைப் பட்டறையை விட்டு அனுப்பிவிடுவார். உன் அக்காவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் பூனை வந்தது.

மாமா போனபிறகாவது அவள் சொல்லியிருக்கலாம். அதற்குள் பூனைக்கு வயதாகிவிட்டதோ என்னவோ.

இந்தக் கடிதம் எட்டு நாள் எடுத்தது. நடுவில் இரண்டு நாள் எழுதவில்லை.

உன் அத்தான்

●

மார்ச் 11

அத்தானுக்கு,

"பின்பு." இந்த ஒரு வார்த்தையை ஒரு போஸ்ட் கார்டில் யாரையாவது விட்டு எழுதி அனுப்பியிருக்கலாம்.

அப்பா திட்டியதோடு நிற்கவில்லை. நீங்கள் அதை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், அதனால் நான் எழுதுகிறேன். சுரண்டுகத்தியை என் கையில் கொடுத்து "நீ வெட்டினதை நீயே வழி" என்றார். நல்ல செம்பு, இன்னொரு படத்துக்கு ஆகும் என்றார். இரண்டு நாள் வழித்தேன். நாரையின் கழுத்துக்கு மட்டும் ஐந்து வாரம் உட்கார்ந்திருந்தேன். அது ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. கால்தான் கடைசி வரை போகவில்லை, ஆழமாக வெட்டியிருந்தேன். அந்த இரண்டு நாளும் நீங்கள் தூரிகை கழுவிக்கொண்டிருந்தீர்கள். ஒரு தூரிகையை இரண்டு நாள் கழுவியவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

மூன்றாம் நாள் கிளம்பினேன். பஸ்ஸில் ஏறும்வரை அப்பாமேல்தான் கோபம். இங்கே வந்தபிறகுதான் என்மேல் சந்தேகம் வந்தது. என் கண்ணில் ஏதோ கோளாறு, இடம் வலம் புரியாத கை என்று. அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளத்தான் உங்களைக் கேட்டேன். ஞாபகம் இல்லையாம் என்று வந்ததும், சரி, தப்பு என்னுடையது என்று முடிவு செய்துகொண்டேன். அதற்குப்பிறகு படம் என்று ஒன்று நான் வெட்டியதில்லை. எழுத்து மட்டும்தான். டாக்டர், வக்கீல், ஓய்வுபெற்ற நீதிபதி, "நாய் ஜாக்கிரதை". இருபத்தொன்பது வருடம். முதலாளி என்னை "எழுத்தம்மா" என்பார். கடைக்குமேல் ஓர் அறை. இப்போது அதற்கு ஜன்னல் இருக்கிறது, நானே காசு கொடுத்து வைத்துக்கொண்டேன்.

யாரும் வருவதில்லை. எனக்கும் யாரையும் கூப்பிட்டுப் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் சாயங்காலம் வரை குரல் எழும்புவதே இல்லை. திங்கட்கிழமை காலை முதல் வார்த்தை கரகரப்பாக வரும்.

அக்கா செய்ததைப் பற்றி எழுதத் தெரியவில்லை. எனக்கு ஒரு பூனையைக் கொடுத்தாள், திரை கொடுத்தாள், வெந்நீர் கேட்க ஆள் கொடுத்தாள். நேரில் ஒன்றும் தரவில்லை.

மன்னிக்கச் சொல்லி எழுதிவிடாதீர்கள். இதுவரை நீங்கள் அப்படி எழுதவில்லை, அதற்கு நன்றி.

●

ஏப்ரல் 13

சின்னவளுக்கு,

ஒரு மாதம் பதில் போடவில்லை என்று நினைக்காதே. ஒரு வேலை இருந்தது. அதை முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

மாமா போனபின் பட்டறையைப் பூட்டித் தகடுகளை நூலகக் காட்சிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டோம். இந்த வருடம் வக்கீல் வீட்டாரும் அந்தப் பழைய புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கீழ்க்கூடத்தில் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். காப்பாளர் அம்மா என்னைத் தேடி மாடிக்கே வந்தார். செவ்வாயும் வெள்ளியும் கூடத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு வண்ணம் போட்டுக் காட்ட வேண்டுமாம். என் போட்டோவைப் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். மூக்கு கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. வகுப்பில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். டீச்சர் "அடுத்தது" என்று சொல்ல மறந்து நின்றார். எனக்குக் கால் தரையில் இல்லை.

முதல் செவ்வாய் வண்ணம் குழைத்துவிட்டு, ஒவ்வொரு படத்தின் கீழும் இருந்த சீட்டை வாசித்துக்கொண்டே போனேன். எழுத்துக் கூட்டிப் படிப்பதால் முப்பத்தொன்றுக்கு வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. அங்கே ஒரே சட்டத்துக்குள் இரண்டு நாரை. பழையது ஒன்று, உன்னுடையது ஒன்று. மாமா வக்கீல் வீட்டில் விட்டுவந்த முதல் அச்சு, சின்னவளே! உன் நாரை வழிக்கப்படவில்லை. தாளில் இருக்கிறது. கழுத்தில் ஒவ்வொரு இறகும் இருக்கிறது. வண்ணம் போடாதது. நான் தொடாததால்தான் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கீழே சீட்டில் அச்சடித்திருந்ததை அப்படியே எழுதுகிறேன். "தொலைந்த தகட்டுக்குப் பதிலாகப் புதிதாகச் செதுக்கப்பட்டது. செதுக்கியவரின் கவனக்குறைவால் படம் திசை மாறி அமைந்துவிட்டது."

நான்கு தரம் படித்தேன். தப்பாகப் படிக்கிறேனோ என்று டீச்சரைக் கூட்டிவந்து படிக்கச் சொன்னேன். அவரும் அதையே படித்தார்.

காப்பாளர் அம்மாவிடம் போனேன்.

"இது தப்புங்க. செதுக்கினவங்க தப்பில்ல. என் தப்பு."

"உங்க தப்பா? நீங்க வண்ணம்தானே போட்டீங்க சார்?"

நகல்தாள், எண்ணெய், கயிறு எல்லாம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், முப்பது வருஷக் கதை. இப்ப யாரு கேக்கப்போறா?"

"ஒரு ஆள் இருக்காங்க."

"அச்சடிச்சாச்சே. புத்தகத்துலயும் வந்தாச்சு. மாத்தறதுன்னா அடுத்த வருஷம்தான் பாக்கணும்."

"அச்சடிச்சதை மாத்த வேணாங்க. பக்கத்துல ஒரு அட்டை வெக்கலாமா? நானே எழுதறேன்."

"நீங்களா? உங்களுக்குத்தான்..." என்று நிறுத்திக்கொண்டார்.

"ஒரு வருஷமாச்சுங்க" என்றேன்.

"நல்லா யோசிச்சுக்கங்க. உங்களைப் பாக்கணும்னுதான் நெறைய பேர் வர்றாங்க. அந்த போட்டோவுக்கு எதிர்லயே இது இருக்கும்" என்றார். பரவாயில்லை என்றேன். மூக்கைவிடப் பெரிதாக ஒன்று இருக்கட்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்று வாரம் எழுதினேன். கெட்ட அட்டைகள் இருபதுக்குமேல் இருக்கும். இப்போது மாட்டியிருப்பது இது:

"இந்த நாரை திரும்பி நிற்பது செதுக்கியவரால் அல்ல. மூலப்படத்தை நகலெடுத்தவன் நான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் கீழே இருந்த எழுத்தை எடுக்காமல் விட்டேன். பிறகு எது முகப்பக்கம் என்று தெரியாமல் குறி போட்டேன். தப்பு தெரிந்தபிறகும் சொல்லவில்லை. செதுக்கியவர் பதினான்கு மாதம் வெட்டினார். ஒரு கோடும் தப்பில்லை. இப்படிக்கு, வண்ணம் போட்டவன்."

வெள்ளிக்கிழமை குடையோடு ஓர் அம்மா வந்தார். அட்டையைப் படித்தார். என் போட்டோவைப் பார்த்தார். அப்புறம் என் மேசைக்கு வந்தார்.

"அப்போ நீங்கதான் கெடுத்தீங்களா?"

"ஆமாங்க."

"பாவம் அதை வெட்டினவங்க."

"ஆமாங்க."

வண்ணம் போடுவதைப் பார்க்காமலே போய்விட்டார். வேறு சிலரும் அப்படித்தான். முன்பு மேசையைச் சுற்றி நிற்பார்கள், இப்போது தள்ளி நிற்கிறார்கள். நான் குழைத்த நீலம் தட்டிலேயே காய்ந்துபோகிறது. அதனால் ஒன்றுமில்லை. சொல்லாமல் இருந்தபோது இருந்ததைவிட இப்போது நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுத நினைத்தேன். அது உண்மையில்லை. முன்பும் நன்றாகத்தான் தூங்கினேன். இப்போதுதான் தூக்கம் வரவில்லை.

வா என்று கூப்பிடமாட்டேன். இருக்கிறது என்று தெரிவிக்கிறேன்.

உன் அத்தான்

●

ஏப்ரல் 29

அத்தானுக்கு,

நேற்று வந்தேன்.

முதலாளியிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். இருபத்தொன்பது வருடத்தில் நான் போட்ட முதல் லீவு. உங்களிடம் சொல்லாமல் வந்ததற்குக் காரணம், உள்ளே வராமல் திரும்பினாலும் திரும்புவேன் என்பதுதான்.

கூடத்தில் கூட்டமில்லை. வாசல் தூண் பக்கத்தில் நின்றேன். உங்கள் மேசை காலியாக இருந்தது. நீங்கள் அட்டைக்கு முன்னால் நின்று, யாரோ ஒரு வெளியூர்க்காரருக்கு விரலால் தொட்டுத் தொட்டு வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தீர்கள். முதுகு கூனிவிட்டது. தலை முழுதும் வெள்ளை. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. கூப்பிடத்தான் வந்தேன். நீங்கள் படித்து முடிக்கட்டும் என்று நின்றேன். முடித்தீர்கள். அந்த ஆள் தலையாட்டிவிட்டுப் போனார். கூப்பிட வாயெடுத்தேன். நீங்கள் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்துவிட்டீர்கள். பக்கத்தில் யாருமே இல்லை.

"ஒரு கோடும் தப்பில்லை" என்று நீங்கள் படித்ததும் வெளியே வந்துவிட்டேன். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளும் இருந்ததில்லை.

பெரியவருடைய நாற்பத்தேழு படங்களிலும் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்துதான் வரும். நிழல் வலப்பக்கம் விழும். கழுகானாலும் குருவியானாலும் அப்படித்தான். அவர் மேசை ஜன்னலுக்கு வலப்புறம் இருந்திருக்கும் என்று நானே உங்களிடம் சொல்லியிருக்கிறேன். நாரையை வெட்டத் தொடங்கி இரண்டாம் மாதம், அதன் கால்களை வெட்டி முடித்துவிட்டு நிழலுக்கு வந்தபோது, நீங்கள் எடுத்த நகலில் அது மறுபக்கம் இருப்பதைப் பார்த்தேன். அச்சில் வரும்போது வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து விழும். பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது, அத்தான். உளியைக் கீழே வைத்துவிட்டு உங்கள் மேசையைப் பார்த்தேன். நீங்கள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ஒரு சிறகுக்குப் பச்சை போட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

கேட்டால் இரண்டு மாத வேலை போகும். அப்பா எல்லோர் முன்னாலும் "என் பொண்ணு கையில தப்பே வராது" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். பெரியவருக்கு முப்பத்தொன்றாவது படத்தில் சலித்துப்போயிருக்கும், மேசையை மாற்றிப் போட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னும் பன்னிரண்டு மாதம் வெட்டினேன். ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த நிழலைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஏழு கடிதத்திலும் வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. தேடிப் பாருங்கள். குறியைப் பற்றி மட்டும் கேட்டேன். நீங்கள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் முழுவதும் உங்களுடையதாகிவிடும் என்று கேட்டேன். கண்ணில் கோளாறு என்று நினைத்தேன் என்று உங்களுக்கு எழுதினேனே, அதுவும் முழு உண்மையில்லை. கண் நன்றாகத்தான் பார்த்தது.

அந்த அட்டைக்கு முன்னால் என்னால் எப்படி வந்து நிற்க முடியும்? உங்களை அத்தான் என்று கூப்பிட்டால் அந்தப் பொய்யையும் சேர்த்து வாங்கிக்கொண்டதாகிவிடும்.

அட்டையில் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். "செதுக்கியவளுக்கு இரண்டாம் மாதமே தெரியும்." அவ்வளவு போதும்.

●

மே 6

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை ஒரே நாளில் படித்துவிட்டேன். இவ்வளவு வேகமாக நான் எதையும் படித்ததில்லை. படித்ததும் கூடத்துக்கு ஓடிப்போய் இரண்டு நாரையையும் பார்த்தேன். நிழல் நீ சொன்னபடிதான் இருக்கிறது. மற்ற படங்களை ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். ஐம்பது வருடமாக வண்ணம் போடுகிறவன் நான், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லையே! நீயாவது பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாய். நான் பார்க்கவே இல்லை.

நீ தூண் பக்கத்தில் நின்றிருக்கிறாய். நான் திரும்பியிருந்தால் போதும். அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். பத்து அடிகூட இருக்காது.

நீ சொன்ன வரியைச் சேர்க்கத்தான் உட்கார்ந்தேன். அட்டையில் இடமில்லை. என் எழுத்து பெரிது, ஓரம் வரைக்கும் வந்துவிட்டது. புது அட்டை வாங்கிவந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன், இந்தத் தடவை பொடியாக. "ஒரு கோடும் தப்பில்லை" என்பதை எடுக்கலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. கோடு தப்பில்லைதானே.

கீழ்ப்பாதியைக் காலியாக விட்டிருக்கிறேன். உன் வரியை நான் எழுதமாட்டேன். எழுதத் தெரியாமல் இல்லை. இரண்டு தரம் வேறு தாளில் எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. ஆனால் உனக்காக வேறொருவர் பேசுவது இந்த வீட்டில் போதுமான அளவு நடந்துவிட்டது. அது உன் கை எழுத வேண்டியது. பேனாவை நூலால் அட்டையில் கட்டி வைத்திருக்கிறேன். காப்பாளர் அம்மா அசிங்கமாக இருக்கிறது என்கிறார். இருக்கட்டும் என்றேன்.

செவ்வாயும் வெள்ளியும் பத்து மணியிலிருந்து அங்கேதான் இருப்பேன். மேசைக்கு இரண்டாவது நாற்காலி ஒன்று கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறேன்.

இனிமேல் வாய்விட்டுப் படிக்கமாட்டேன். யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டும்.

உன் அத்தான்